ஸ்தோத்திரம் என்றால் தண்ணீர்

என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்த பிறகு அவர் வாயில் மிஞ்சியது ஒரே ஒரு சொல். ஸ்தோத்திரம். தண்ணீர் வேண்டுமென்றாலும் ஸ்தோத்திரம், மூத்திரம் வருகிறது என்றாலும் ஸ்தோத்திரம், ஃபேனைக் குறை என்றாலும் ஸ்தோத்திரம். என்மேல் கோபம் வந்து இடது கையால் கட்டில் சட்டத்தைக் குத்தும்போதும் அதேதான். வீட்டுக்கு வந்து பார்த்த சபைக்காரர்கள் இதைக் கேட்டு மெய்சிலிர்த்துப் போனார்கள். அவர்களுக்கென்ன, சிலிர்த்துவிட்டுப் போய்விடுவார்கள், மூத்திரச் சட்டியைப் பிடிப்பது நான்.

எங்கள் வீடு திருவொற்றியூரில், கடற்கரைச் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருக்கிறது. அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். பிறந்து வளர்ந்தது ராயபுரம். வீட்டிலும் தெருவிலும் அசல் மெட்ராஸ் பேச்சுதான் பேசுவார். சர்ச் வாசலை மிதித்தவுடன் நாக்குக்கு இஸ்திரி போட்ட மாதிரி ஆகிவிடும். 'இன்னாமே' என்கிற வாய் 'சகோதரியே' என்னும். நான் தூத்துக்குடிப் பக்கம் மளிகைக்கடை வைத்துப் பிழைத்த குடும்பத்தில் பிறந்து இங்கே வாக்கப்பட்டவள். அவருடைய இரண்டு பேச்சும் எனக்கு அத்துப்படி.

அந்தச் சொல் அவருக்கு எப்போதுமே நாக்கு நுனியில் கிடந்ததுதான். போனை எடுத்தால் ஹலோ கிடையாது, ஸ்தோத்திரம். தும்மினால், போன கரண்ட் வந்தால், வஞ்சிரம் மலிவாகக் கிடைத்தால், ஸ்தோத்திரம். கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஸ்கூட்டரை நுழைத்து உயிரோடு வெளியே வந்தாலும் ஸ்தோத்திரம். எதற்கு நுழைந்தோம் என்று மட்டும் ஒருநாளும் யோசிக்கமாட்டார். "கொட்டாவிக்கும் ஸ்தோத்திரமா?" என்று நான் நக்கலாகக் கேட்டால், "அதுவும் அவர் குட்த்ததுதாம்மே" என்பார். எனக்கு இந்த வாய்ப்பாட்டு பக்தி பிடிக்காது. ஆண்டவர்மேல் எனக்கு நம்பிக்கை உண்டு. நம்பிக்கைக்காரர்களைத்தான் சகிக்க முடியவில்லை.

ஒருநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார். ஆம்புலன்ஸ், அவசரப் பிரிவு, ஸ்கேன் என்று ஓடியது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சு அடியோடு நின்றுவிட்டது. கண் மட்டும் எங்களையெல்லாம் சுற்றிச் சுற்றிப் பார்த்தது. பல நாள் கழித்து, நர்ஸ் ஊசி குத்தும்போது திடீரென்று வாயைத் திறந்து, "ஸ்தோத்திரம்" என்றார். நான் குரலெடுத்து அழுதேன். அப்போது பக்கத்தில் நின்றிருந்தவர் எங்கள் போதகர். அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்த கையோடு போனை எடுத்துச் சபை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். வேதனையின் நடுவிலும் சகோதரர் முதலில் உச்சரித்தது துதி என்று எழுதியிருந்தார். ஊசி குத்தியதை எழுதவில்லை.

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் ஆஸ்பத்திரியில் ஒரு மூலையறையில் உட்கார்ந்திருப்பாள். என் மகள் வயதிருக்கும். அவள்தான் எனக்கு விளங்கும்படி சொன்னாள். "அம்மா, யோசிச்சுப் பேசுற பேச்சு இருக்குற இடம் அடிபட்டிருக்கு. பழக்கத்துல தானா வர்ற சொல்லு சில பேருக்குத் தங்கிடும். அவர் மனசுல நெனைக்கிறது வேற வேற. வாயில வர்றது இது ஒண்ணுதான்."

"வேற சொல்லு வருமா?" என்று கேட்டேன்.

"வரலாம். வராமயும் போகலாம். நீங்க பொறுத்துப் பாக்கணும்."

அந்த அறைக்கு வெளியே பெஞ்சில் காசிமேட்டுக்காரி ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். அவள் புருஷன் மீன் ஏலம் விடுகிறவர், அவருக்கும் இதே கேடுதான். "உன் ஆளுக்கு எது மிஞ்சிச்சுக்கா?" என்று கேட்டாள். சொன்னேன். நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "குட்த்து வெச்சவ நீ. என் ஆளு வாயத் தொறந்தா கெட்ட வார்த்ததான் வருது. டாக்டரு வந்தாலும் அதான், பேத்தி முத்தம் குட்த்தாலும் அதான். சொந்தக்காரன் ஒருத்தனும் வூட்டுப் பக்கம் வர்றதில்ல." ஒருத்தனும் வருவதில்லையா என்று மறுபடி கேட்டேன். ஆமாம் என்றாள். எனக்கு அவள்மேல் அப்படியொரு பொறாமை வந்தது.

எங்கள் வீட்டுக்குத்தான் வந்துகொண்டே இருந்தார்களே. வெள்ளிக்கிழமைதோறும் பெண்கள் ஜெபக்குழு வரும். குழுவின் தலைவி ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. கட்டில் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார், என் கையைப் பிடித்துக்கொள்வார். "பொறுமையா இரும்மா. ஆண்டவர் தம்முடைய வேளையில எல்லாத்தையும் செய்வார்" என்பார். இதே அம்மாள் சிலிண்டர் ஒருநாள் தாமதமாக வந்ததற்கு டெலிவரி பையனைத் தெருவே கூடிப் பார்க்கும்படி கிழித்ததை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். டோல்கேட் சிக்னலில் பச்சை விழும்வரைகூட ஆட்டோக்காரனை நிற்க விடமாட்டார். பொறுமை என்பது இவர்களுக்கு நோயாளி வீட்டுக்கு வாங்கிக்கொண்டு போகிற ஆப்பிள் மாதிரி. தான் தின்பதற்கில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை இவர்கள் வந்து பாட்டு முடித்து நீண்ட ஜெபம் ஆரம்பித்திருந்தார்கள். யோபுவின் பொறுமையை எனக்குத் தரும்படி தலைவி உருகிக்கொண்டிருந்தார். அப்போது மணலி ஆலைகள் பக்கத்துக் காற்று திரும்பி, அந்தக் காரநெடி ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. எங்களுக்குப் பழகிப்போன நெடிதான். கண் கொஞ்சம் எரியும், தொண்டை கமறும், ஜன்னலைச் சாத்திவிட்டு வேலையைப் பார்ப்போம். இவர்களுக்குப் பழக்கமில்லை, எல்லோரும் நெடி எட்டாத நல்ல இடத்தில் வீடு கட்டிக் குடியேறியவர்கள். யோபு பாதியில் நின்றார். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஆமென் சொல்லிவிட்டு, "எப்படித்தான் இங்க இருக்கீங்களோ" என்று செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினார்கள். போட்ட டீ அப்படியே இருந்தது. நானே குடித்தேன்.

இதெல்லாம் போகட்டும் என்று விட்டிருப்பேன். விடமுடியாதது ஒன்று இருந்தது. வருகிற ஒவ்வொருவரும் அவருடைய விழுந்துபோன வலது கையைப் பிடித்துத் தூக்கினார்கள். துதிக்கும்போது கையை உயர்த்த வேண்டுமாம், அவரால் முடியாததால் இவர்கள் உதவுகிறார்களாம். தூக்கியவுடன் அவர் தொண்டை கிழிய, "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்பார். இவர்கள் அதைவிடச் சத்தமாக ஸ்தோத்திரம் என்பார்கள். ஒருத்தி அதை வீடியோ எடுத்து அனுப்ப, அது எந்தெந்த ஊருக்கோ போய், 'ஸ்தோத்திர ஐயா' என்று அவருக்குப் பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். அந்த வீடியோவை எனக்கே யாரோ, இந்த மனிதரைப் பார்த்து ஆறுதல் அடையுங்கள் என்று எழுதி அனுப்பியிருந்தார்கள்.

பயிற்சி கொடுக்கும் பெண் எனக்கொரு வழி சொல்லிக் கொடுத்திருந்தாள். "ஒரு நேரத்துல ஒண்ணே ஒண்ணு கேளுங்க. தலையாட்டி பதில் சொல்ற மாதிரி கேளுங்க. கேட்டுட்டு வாய மூடிக்கங்க. அவர் தேடட்டும். நீங்க எடுத்துக் குடுக்காதீங்க. அவசரப்பட்டா அவருக்கு அது ஒண்ணுதான் வரும்." கேட்க சுலபமாக இருந்தது. செய்து பார்த்தால்தான் தெரியும். கேட்டுவிட்டு, எதிரில் உட்கார்ந்து, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு, அடுப்பில் பால் பொங்குவதையும் காலிங்பெல்லையும் காதில் போட்டுக்கொள்ளாமல் இருக்கவேண்டும். முதலில் ஆமாம் என்பதற்குப் பதில் இல்லை என்று ஆட்டுவார். அப்புறம் அவருக்கே தப்பென்று தெரிந்து கண்ணில் தண்ணீர் வரும். அதையும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவேண்டும். எனக்கு ஆத்திரத்தில் பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலிக்கும்.

ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக விளங்க ஆரம்பித்தது. தண்ணீருக்கான ஸ்தோத்திரம் குட்டை, கடைசியில் வறண்டு நிற்கும். பாத்ரூமுக்கானது அவசரமாக வரும், முழங்காலும் கூடவே ஆடும். டிவியில் கிரிக்கெட் வைக்கச் சொல்வது கொஞ்சம் கெஞ்சலாக இருக்கும். ஆனால் ஒன்று மட்டும் பிடிபடவேயில்லை. அடித்தொண்டையிலிருந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, முகம் ஒரு பக்கமாகக் கோணி வரும். ஒருநாள் மத்தியானம் முழுக்க உட்கார்ந்து கேட்டேன். வயிறா? இல்லை. தலையா? இல்லை. முதுகில் புண்ணா? இல்லை. கையா? நின்றார். யோசித்தார். கைக்கு மேலயா? கண் விரிந்தது. தோளா என்று கேட்டேன். தலை ஆடியது, நிறுத்தாமல் ஆடியது, கன்னத்தில் கண்ணீர் வழிய வழிய ஆடியது.

டாக்டரிடம் கூட்டிப்போனபோது அவர் தோளைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னையே திட்டினார். தசை விழுந்துவிட்டதால் மூட்டு இறங்கியிருக்கிறது, யார் இந்தக் கையை இழுத்தது, தூக்கினால் உயிர் போகிற வலி வலிக்குமே என்றார். யார் இழுத்தது என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. கழுத்தில் மாட்டித் தாங்குகிற பட்டை ஒன்று கொடுத்தார். இனிமேல் யாரும் இந்தக் கையைத் தொடக்கூடாது என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை வாசலிலேயே நின்று தலைவியிடம் சொன்னேன். "கையத் தூக்காதீங்கம்மா. அவருக்கு வலிக்கி. அவர் சத்தம் போடுறது துதி இல்ல, வலி." தலைவி என்னை இரக்கத்தோடு பார்த்தார், அந்தப் பார்வைக்கே ஒரு அறை விடலாம். "நீ மாம்சக் கண்ணால பாக்குற. அவர் இப்போ வேற நிலையில இருக்கார்" என்றார். எனக்கு வந்த பதில் அச்சில் ஏறாது. காசிமேட்டு ஏலக்காரரிடம் மிஞ்சியிருந்த வார்த்தையைக் கொஞ்சம் கடன் வாங்கலாமா என்றுகூடத் தோன்றியது.

இந்த நேரத்தில்தான் போதகர் வந்தார். சபையின் ஆண்டுவிழா வருகிறதாம், வெளியூரிலிருந்து பெரிய பிரசங்கியார் வருகிறாராம், அந்த ஆராதனையில் இவர் சாட்சி சொல்ல வேண்டுமாம்.

"பேச்சே வராதவர் எப்படி பாஸ்டர் சாட்சி சொல்லுவார்?" என்றேன்.

"அந்த ஒரு சொல் போதும் சிஸ்டர். ஆயிரம் பிரசங்கத்துக்குச் சமம்" என்றார். பேச்சுப் பயிற்சியையும் கொஞ்சம் நிறுத்திவைத்தால் நல்லது என்று மென்மையாகச் சொன்னார். தேவன் எல்லாச் சொல்லையும் எடுத்துவிட்டுத் தமக்கான சொல்லை மட்டும் வைத்திருக்கும்போது, நாம் ஏன் அதில் கை வைக்க வேண்டும் என்பது அவர் நியாயம். அவருக்கே ஜலதோஷம் வந்து குரல் கட்டியபோது தனியார் ஆஸ்பத்திரிக்கு ஓடினார், அது தனி நியாயம்.

பிறகு கட்டில் பக்கம் குனிந்து, "ஐயா, விழாவில சாட்சி சொல்ல வர்றீங்களா?" என்று கேட்டார்.

என் வீட்டுக்காரர் முகம் சிவந்து, இடது கையால் கட்டிலைக் குத்தி, "ஸ்தோத்திரம்" என்று கத்தினார். வெளியே போடா என்பதைத் தவிர அதற்கு வேறு அர்த்தமில்லை. குழந்தைக்குக்கூடப் புரிந்திருக்கும்.

"பாத்தீங்களா சிஸ்டர், என்ன வாஞ்சை" என்றார் போதகர்.

அவர் போன பிறகு நான் நிதானமாக உட்கார்ந்து கேட்டேன். மேடையில ஏறணுமா? இல்லை என்று தலையாட்டினார். வேண்டவே வேண்டாம் என்று மறுபடி ஆட்டினார். சரி, போகவேண்டாம் என்று எழுந்தேன். "ஸ்தோத்திரம்" என்று நிறுத்தினார். மறுபடி உட்கார்ந்தேன். சர்ச்சுக்குப் போகணுமா? ஆமாம். மேடைக்கு? இல்லை. சர்ச்சுக்கு? ஆமாம். வியாதி வந்ததிலிருந்து வீட்டையும் ஆஸ்பத்திரியையும் தவிர எதையும் பார்க்காத மனிதர், நாலு சுவரைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போயிருக்கும், நாலு முகத்தைப் பார்க்க ஆசைப்படுகிறார் என்று எடுத்துக்கொண்டேன். போதகருக்குப் போன் போட்டேன். வருகிறோம், கடைசி வரிசையில் உட்காருவோம், மேடைக்குக் கூப்பிடக்கூடாது, கையைத் தொடக்கூடாது என்றேன். "சரி சிஸ்டர், அதுக்கென்ன சிஸ்டர்" என்றார்.

விழா ஞாயிறு காலையில் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனேன். வெள்ளைச் சட்டை போட்டு, பவுடர் பூசி, கைக்குப் பட்டை மாட்டியிருந்தேன். கடைசி வரிசைக்குப் பக்கத்தில், செருப்பு விடுகிற இடத்தை ஒட்டி நாற்காலியை நிறுத்தினேன். அவர் மண்டபத்தை மெதுவாக ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை பார்த்தார். முகம் தெளிந்திருந்தது. பல மாதத்துக்குப் பிறகு அப்படிப் பார்த்தேன்.

பிரசங்கியார் இந்தச் சென்னை வேக்காட்டில் கோட்டு போட்டுக்கொண்டிருந்தார். அன்றைய செய்தி, தேவனை மையமாகக் கொண்ட வாழ்க்கை. நான் என்பது சாகவேண்டும், நடுவில் அவர் ஒருவரே நிற்கவேண்டும் என்று முழங்கினார். மேடையின் நடுவில் நின்றது அவர்தான். பின்னால் திரையில் அவர் முகமே சுவர் அளவுக்குத் தெரிந்தது. பொறுமையோடு தேவனை மையமாக வைத்த ஒரு மனிதர் இன்று நம் நடுவில் இருக்கிறார் என்று கையை நீட்டினார். நான் எழுவதற்குள் வாலிபர்கள் சிலர் வந்து நாற்காலியை அவரோடு தூக்கிக்கொண்டு போய் மேடையில் வைத்துவிட்டார்கள். போதகர் என் பக்கமே திரும்பவில்லை. திரும்பமாட்டார் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மேடையில் ஒருவன் கைப்பட்டையைக் கழற்றினான். திரையில் பார்க்க நன்றாக இருக்காது என்று நினைத்தானோ என்னவோ. பிரசங்கியார் அந்தக் கையை மணிக்கட்டில் பிடித்து, தலைக்கு மேலே தூக்கினார். "ஸ்தோத்திரம்" என்று என் வீட்டுக்காரர் அலறியது ஒலிபெருக்கியில் அதிர்ந்தது. மண்டபம் முழுக்க எழுந்து நின்று ஸ்தோத்திரம் என்றது. அவர் மறுபடி அலறினார், இவர்கள் மறுபடி முழங்கினார்கள். நான் நடைபாதையில் ஓடினேன். யாரோ என்னைப் பார்த்து, ஆவியில் நிறைந்து ஓடுகிறேன் என்று நினைத்து வழி விட்டார்கள்.

மேடையில் ஏறியதும் பிரசங்கியார் மகிழ்ச்சியோடு மைக்கை என்னிடம் நீட்டினார். "சகோதரியும் சாட்சி சொல்லுவாங்க" என்றார். இன்னொரு கையால் இவர் கையைப் பிடித்தபடியே இருந்தார்.

"அவருக்குத் தோள் வலிக்கி" என்றேன் மைக்கில். "அதத்தான் சொல்லிட்டு இருக்கார். எல்லாரும் கொஞ்ச நேரம் வாய மூடிட்டு இருந்தா, அவரே சொல்லுவார்."

மண்டபம் அடங்கியது. கீபோர்டுக்காரன் மட்டும் பழக்கத்தில் ஒரு கட்டையை அழுத்திவிட்டு விரலை எடுத்துக்கொண்டான். நான் முட்டி போட்டு அவர் வாயருகே மைக்கை வைத்து, "சொல்லுங்க" என்றேன். பிறகு எனக்குச் சொல்லிக்கொடுத்தபடி வாயை மூடிக்கொண்டேன். எங்கோ ஒரு குழந்தை இருமியது. சாலையில் லாரி ஹாரன் அடித்தது. பிரசங்கியாரால் அந்த அமைதியைத் தாங்க முடியவில்லை, காலை மாற்றி மாற்றி வைத்தார், கையை மட்டும் விடவில்லை. என் வீட்டுக்காரர் நெற்றியில் பவுடர் கரைந்து வழிந்தது. "ஸ்" என்று ஆரம்பித்தார். நிறுத்தினார். இல்லை இல்லை என்று தானே தலையை ஆட்டிக்கொண்டார். உதடு குவிந்தது, பிரிந்தது, மறுபடி குவிந்தது.

"வுடு" என்றார்.

ராயபுரத்து வுடு. சர்ச்சுக்குள் அவர் வாயிலிருந்து இஸ்திரி போடாமல் வந்த முதல் வார்த்தை அதுதான். பிரசங்கியார் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னார். சந்தோஷத்தில் மேடையிலேயே உட்கார்ந்துவிட்டேன். மனுஷருக்கு இன்னொரு சொல் வந்துவிட்டது, இனிமேல் வலித்தால் வலிக்கிறது என்று ஊருக்கே தெரியும் என்று நினைத்தேன்.

பிரசங்கியார் மைக்கை என் கையிலிருந்து எடுத்தார். "கேட்டீர்களா சபையே? சத்துருவைப் பார்த்துக் கட்டளையிடுகிறார். விடு என்கிறார்" என்றார். மண்டபம் கூரை பறக்கிற மாதிரி அல்லேலூயா போட்டது. முன்வரிசையில் ஜெபக்குழுத் தலைவி இரண்டு கையையும் உயர்த்திக் கண்ணை மூடி அழுதுகொண்டிருந்தார். "வுடு, வுடு" என்று இவர் கத்தக் கத்த, சாத்தான் ஓடுகிறான் என்று அவர்கள் கை தட்டினார்கள். இப்படிப்பட்ட ஜனங்களுக்கு நடுவில்தான் நான் பாட்டுப் பாடி, காணிக்கை போட்டு, கேக் வெட்டி வாழ்ந்திருக்கிறேன். கூட்டத்தைப் பார்த்துக் காறித் துப்பவேண்டும் போலிருந்தது.

நான் பிரசங்கியாரின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். "சிஸ்டர், பொறுமை" என்று மைக்கில் படாமல் முணுமுணுத்தார். "மொதல்ல கைய எடுங்க. பொறுமையப் பெறகு பாத்துக்கிடலாம்" என்றேன். எடுத்தார். கீபோர்டுக்காரன் தலையைக் குனிந்தபடி வந்து நாற்காலியின் ஒரு பக்கத்தைப் பிடித்தான். அந்தக் கூட்டத்தில் அவன் ஒருவனுக்காவது வுடு என்றால் வுடு என்று புரிந்ததே. பக்கவாட்டுப் படியில் இறக்கிவிட்டுப் போய்விட்டான்.

வெளியே கேட் வரைக்கும் மூச்சு வாங்கத் தள்ளினேன். பட்டையை மறுபடி மாட்டிவிட்டேன். இனி இந்த வாசலை மிதித்தால் என்னை என்னவென்று கேள் என்று எனக்குள்ளே சொல்லிக்கொண்டேன். ஆட்டோவைக் கை காட்டினேன். அப்போது அவர் இடது கையால் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தினார்.

"வுடு" என்றார். இந்த முறை என்னைப் பார்த்து, மெதுவாக.

"என்னங்க? தோளா?"

இல்லை.

"ஆட்டோ வேண்டாமா?"

இடது கையை நீட்டி உள்ளே காட்டினார்.

"உள்ளயா? அவனுவ கிட்டயா?" என்று கேட்டேன். இல்லை. "உள்ளயா?" ஆமாம். "உங்களுக்கு என்ன கிறுக்கா?" என்று கத்தினேன். ஆட்டோக்காரர் எங்களைப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நீட்டிய கை கீழே இறங்கவில்லை. வெயிலில் நின்று நானும் எவ்வளவோ பார்த்தேன். இறங்கவேயில்லை. கடைசியில் நாற்காலியைத் திருப்பினேன்.

உள்ளே எங்களை யாரும் கவனிக்கவில்லை. பிரசங்கியார் அதற்குள் வேறு அதிசயத்துக்குப் போயிருந்தார். மீன் ஏலம் போல குரல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பழைய இடத்திலேயே, செருப்புகளை ஒட்டி நிறுத்தினேன். நான் தரையில் உட்கார்ந்து அவர் காலில் முதுகைச் சாய்த்துக்கொண்டேன், மேடையைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. பிறகு போதகர் எல்லோரையும் ஜெபத்துக்கு அழைத்தார். கண்களை மூடினார்கள்.

என் வீட்டுக்காரர் பட்டையில் கிடந்த வலது கையின்மேல் இடது கையை மெள்ள வைத்துக் கோத்துக்கொண்டார். தலையைக் குனிந்தார்.

"ஸ்தோத்திரம்" என்றார். எனக்கே கேட்கக் கஷ்டமாக இருக்கும் அளவுக்குத் தாழ்ந்த குரல். குட்டையாகவும் இல்லை, அவசரமாகவும் இல்லை, பல்லைக் கடிக்கவும் இல்லை. இதுவரை நான் கேட்காத ஒன்றாக இருந்தது.

நிமிர்ந்து அவர் காதோரம், "தண்ணியா?" என்று கேட்டேன். இல்லை என்று தலை அசைந்தது. "பாத்ரூமா?" இல்லை. "தோளா?" இல்லை. "வீட்டுக்குப் போவமா?" இல்லை. ஃபேன் காற்று அதிகமா என்றுகூடக் கேட்டேன். அதற்கு அவர் தலையை ஆட்டவில்லை. கண்ணையும் திறக்கவில்லை.

"ஸ்தோத்திரம்" என்றார் மறுபடியும்.

கேட்பதற்கு என்னிடம் வேறெதுவும் இல்லை. வாயை மூடிக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தபடி காத்திருந்தேன். வெகுநேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது, அவர் என்னிடம் பேசவில்லை.